மாஸ்ட் செல் (அலர்ஜில ஹிஸ்டமினக் கொட்டி அரிப்பு, தடிப்பு உண்டாக்குற செல்) உங்கள ஏமாத்தின கதை இருந்தா போடுங்க

பிளேட்_ரீடர்:
நானே ஆரம்பிக்கிறேன். எம்எஸ்சி ப்ராஜெக்ட், ஆர்பிஎல் செல் (மாஸ்ட் செல் மாதிரியே துகள் கொட்டுற எலி செல்), மொத நாள் ராத்திரி ஐஜிஇ (செல்லோட ரிசப்டர்ல ஒட்டிக்கிற அலர்ஜி ஆன்டிபாடி) போட்டு வெச்சு காலைல கழுவிட்டு அந்த ஐஜிஇ புடிக்கிற ஆன்டிஜென், டிஎன்பி-பிஎஸ்ஏவ டோஸ் ஏத்தி ஏத்திக் குடுக்கணும். ஹிஸ்டமின நேரா அளக்க எங்க லேப்ல வசதி இல்ல, ஹிஸ்டமின் இருக்கற அதே துகள்ல இருந்து கூடவே வெளிய வர்ற ஹெக்சோஸமினிடேஸ்ங்கற என்சைமத்தான் அளப்போம், அது நாம போடுற கெமிக்கல மஞ்சளாக்கும், எவ்ளோ மஞ்சளோ அவ்ளோ கொட்டியிருக்குன்னு கணக்கு. மஞ்சள் அழகா ஏறிட்டே வருது, பிளேட்ல கடைசி ரெண்டு வெல் (குழி) மட்டும் வெளுத்துப்போயி நிக்குது!! அதிக டோஸ் போட்ட வெல்லு அதுதான். சார் பாத்துட்டு "பிப்பெட் புடிக்கத் தெரியல"ன்னு முடிச்சுட்டாரு. 3 தடவ செஞ்சேன், 3 தடவயும் அதே ரெண்டு வெல்.

வேலைக்குப் போனதுக்கு அப்புறம்தான் படிச்சேன். லின்ங்கற என்சைம் ரிசப்டர் வால்ல பாஸ்பேட்ட ஒட்டவெக்கும், அதுல சிக்ங்கற அடுத்த என்சைம் வந்து உக்காரும், அப்புறம் லாட், பிஎல்சி காமா, ஐபி3ன்னு சிக்னல் கைமாறி, கால்சியம் ஏறி, துகள் வெளிய, இதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனா டோஸ் எகிறினா அதே லின் ஷிப்ங்கற பாஸ்படேஸயும் (பாஸ்பேட்ட வெட்டுற என்சைம்) கூட்டிட்டு வந்து பிஐபி3ங்கற சிக்னல் கொழுப்ப வெட்டவெச்சு அடக்கிடுதாம். ஸ்விட்ச் போடுற கையே பிரேக்கயும் மிதிக்குது. இத அன்னிக்கு யாராச்சும் சொல்லியிருக்கலாம்.

வார்டு_அக்கா:
எனக்கு லேப்பெல்லாம் தெரியாது. நைட் டூட்டி, வேன்கோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் 1 கிராம், ஒரு மணி நேரத்துக்குக் கொறயாம ஓடணும், அட்டெண்டர் யாரோ ட்ரிப் வேகத்த மாத்துற ரோலர நகத்திட்டாங்க போல, நான் திரும்பி வர்றதுக்குள்ள பாட்டில் பாதி காலி. அந்தப் பையன் கழுத்துல இருந்து நெஞ்சு வரைக்கும் செவசெவன்னு, "அக்கா எரியுது அக்கா"ன்னு சொறிஞ்சுக்கிட்டே இருக்கான். நிறுத்தினேன், கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சு. ஆனா கேஸ் ஷீட்ல செவப்பு மையில 'அலர்ஜி'ன்னு எழுதிட்டாங்க. அது அலர்ஜியே இல்லயே! ஐஜிஇக்கு அதுல வேலயே கெடயாது, மருந்து நேரா மாஸ்ட் செல்லு மேல இருக்கற எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2ங்கற வேற ரிசப்டர்ல போயி ஒக்காந்து கால்சியத்தக் கெளப்பி விட்டுடுது, மெதுவா விட்டா பெரும்பாலும் தாங்கிக்குவாங்க. அடுத்த தடவ எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி) வந்தப்ப அந்த ஒத்த வார்த்தையால வேற மருந்து தேடி அலைஞ்சாங்க. ரோலர நான் ஒருக்கா பாத்துட்டுப் போயிருக்கணும்.

தடிப்பு_ராணி:
எதுக்கு அலர்ஜின்னு தோல்ல குத்திப் பாக்குற ஸ்கின் ப்ரிக் டெஸ்ட். கைல கோடு போட்டு 12 சொட்டு. எதுவுமே பொங்கல, சந்தோஷமா இருக்கேன், டாக்டர் மொகம் மாறுது. ஏன்னா கடைசிச் சொட்டு சுத்த ஹிஸ்டமின், அது எல்லாருக்கும் பொங்கியே ஆகணுமாம். "நேத்து செட்ரிசின் போட்டியாம்மா?" போட்டேன் சார், அரிப்புல தூக்கம் வரல. மாத்திரை ஹிஸ்டமின் வெளிய வர்றத நிறுத்தல, அது போயி ஒட்டுற எடத்த அடைச்சு வெச்சிருக்கு, அவ்ளோதான். ஒரு வாரம் நிறுத்திட்டு வான்னு அனுப்பிட்டாங்க. அந்த ஒரு வாரம் இருக்கே...

ஜெல்_டாக்:
@பிளேட்_ரீடர் எல்லாத்தயும் ஷிப் தலைல கட்டாதீங்க. ஆன்டிஜென் அளவுக்கு மீறிப் போனா ஒவ்வொரு ஐஜிஇக்கும் தனித்தனியா ஒண்ணு கெடச்சிடும், ரெண்டு ரிசப்டர எணச்சுக் கட்ட ஆளே இருக்காது, எணையலன்னா லின்னுக்கு என்ன வேல? ஷிப் இல்லாத செல்லுல அதே டோஸ் போட்டுப் பாத்தாத்தான் எது எவ்ளோன்னு தெரியும். என் கதை சின்னது: டைரோட் பஃபர்ல (டெஸ்ட் நடக்கறப்ப செல் இருக்கற உப்புக் கரைசல்) கால்சியம் போட மறந்து முழு பிளேட்டும் தண்ணியா நின்னுச்சு, வெளிய இருந்து கால்சியம் உள்ள வராம எதுவும் கொட்டாதுன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

மீன்_கொழம்பு:
அயிலை சாப்ட்டு அர மணி நேரத்துல மொகம் தீயா எரிஞ்சுது. அவ்ளோதான் என் கதை. ஆனா எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, இதுல மாஸ்ட் செல் பாவம், அது ஒண்ணுமே பண்ணல, ஐஸ் இல்லாம கெடந்த மீன்ல பாக்டீரியா ஹிஸ்டிடின ஹிஸ்டமினா மாத்தி வெச்சிருக்கும், எவ்ளோ கொதிக்க வெச்சாலும் அது போகாது. அதனால மீன் வாங்குறப்ப கடைக்காரர் ஐஸ்லேர்ந்து எடுக்குறாரா பலகைலேர்ந்து எடுக்குறாரான்னு பாருங்க, வண்டில போறப்பயே ஐஸ் பை கொண்டு போங்க, சூரை மீனுன்னா இன்னும் ஜாக்கிரதை, மறுநாள் கொழம்புதான் ருசின்னு வெளிய வெக்காதீங்க, நாக்குல மொளகு மாதிரி சுருக்குன்னா துப்பிடுங்க. தொண்ட அடைக்குது மூச்சு வாங்குதுன்னா மாத்திரைய நம்பி ஒக்காராதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, தொடைல அட்ரினலின் போடுவாங்க.

தடிப்பு_ராணி:
அண்ணா இங்க யாரு மீன் கேட்டா 😅

பிளேட்_ரீடர்:
@ஜெல்_டாக் சரிதான், ஷிப் இல்லாத செல்லுக்கு நான் எங்க போவேன், ஆர்பிஎல்லயே கடன் வாங்கித்தான் வளத்தோம். கடைசில அந்த ரெண்டு பாயிண்ட்டயும் வெட்டிட்டுத்தான் கிராஃப் போட்டோம், வைவால எக்ஸ்டர்னல் "கர்வ் நல்லா இருக்கே"ன்னாரு.