வீட்டுத்தேன் பாட்டில்ல பொங்குது, மூடி தெறிக்குது, என்னங்க பண்றது?

தோப்புக்காரன்_பொள்ளாச்சி
வணக்கம்ங்க. கட்டுத்தறி ஓரமா ஒரு தேன்பெட்டி வெச்சிருக்கேன், நம்ம நாட்டுத் தேனீதான். மே மாசக் கடைசியில முதல் தடவையா தேன் எடுத்தேன், ஒன்றரைக் கிலோ தேறுச்சு, ரெண்டு பாட்டில்ல ஊத்தி இறுக்கி மூடி வெச்சுட்டேன். நேத்து மத்தியானம் டப்புனு ஒரு சத்தம், போய்ப் பாத்தா மூடி ஒரு பக்கம் கிடக்குது, தேன் வழிஞ்சு ஷெல்ஃப் பூரா எறும்பு. மேல வெள்ளையா நுரை, மோந்து பாத்தா கள்ளு வாசம். எங்கம்மா "கடையில வாங்கிட்டு வந்து நானே எடுத்தேன்னு சொல்றியாடா"ங்கறாங்க. மானமே போச்சுங்க.

இயற்கைவாசி
கவலையே படாதீங்க ப்ரோ, ஒரிஜினல் தேன்னா பொங்கத்தான் செய்யும். கடைத்தேன் பொங்காது. தைரியமா சாப்பிடுங்க.

குலசேகரம்_தேன்காரர்
தம்பி சொன்னத நம்பிராதீங்க. ஒரிஜினலோ டூப்ளிகேட்டோ, தண்ணி கூடுதலா இருந்தா புளிக்கும், அவ்வளவுதான். மூணு விஷயம் சொல்லுங்க. மேல இருக்குற தேன் அறையில எடுத்தியளா, கீழ ஈ முட்டை வச்சுப் புழு வளக்குற அறையில எடுத்தியளா? அடை மெழுகால மூடி இருந்துச்சா? தேன் எடுக்குற மெஷின்ல சட்டத்தைப் போட்டுச் சுத்தினியளா, கையால பிழிஞ்சியளா?

தோப்புக்காரன்_பொள்ளாச்சி
மேல் அறையே வெக்கலீங்ணா. கீழ் அறையில ஓரத்து ரெண்டு சட்டத்துல அடைய அறுத்து வேட்டித்துணியில போட்டுப் பிழிஞ்சேன். பாதி மூடியிருந்துச்சு, பாதி பளபளன்னு தொறந்து இருந்துச்சு. கொஞ்சம் புழுவும் இருந்துச்சுன்னு வைங்க, வடிகட்டிட்டேன்.

குலசேகரம்_தேன்காரர்
அட சவமே, புழுவையும் சேத்துப் பிழிஞ்சா அந்தப் பாலு தேன்ல கலக்கும்லா. பூவுல இருந்து ஈ கொண்டுவாறது பாதிக்கு மேல தண்ணி, அத ராத்திரி பூரா றெக்கையால விசிறி வத்த வச்சு, பக்குவம் ஆன பெறவுதான் மெழுகு வச்சு மூடும். நீங்க பாத்த பளபளப்பு இன்னும் வத்தாத தேன். சட்டத்துல முக்கால்வாசியாவது மூடின பெறவுதான் எடுக்கணும். சந்தேகமா இருந்தா சட்டத்தைப் படுக்க வச்சு லேசா உதறிப் பாருங்க, தூறல் மாதிரி சிந்திச்சுன்னா அப்படியே திருப்பி வச்சிருங்க.

எங்க பக்கம் ரப்பர் தேன்தான் அதிகம், அது பூவுல கிடையாது, தளிர் இலைக்காம்பு நுனியில ஊறுறது. அதுல ஈரப்பதம் எப்பவும் கூடுதல், 20 சதவீதத்துக்குள்ள கொண்டுவாறதுக்குள்ள தாவு தீந்துரும். அதனால மார்த்தாண்டத்துக்காரங்க வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள தேன் பாத்திரத்தை இறக்கிச் சூடாக்குவாங்க, நேரடியா அடுப்புல வைக்க மாட்டாங்க.

மாடித்தோட்டம்_அக்கா
ஒண்ணு கேக்கவா தம்பி? அந்தத் துணியும் பாட்டிலும் காஞ்சு இருந்துச்சா?

தோப்புக்காரன்_பொள்ளாச்சி
...துணிய அலசிப் பிழிஞ்சுட்டு அப்படியே யூஸ் பண்ணேங்க்கா. பாட்டிலக்கூட கழுவி கவுத்து வெச்சு ஒரு அஞ்சு நிமிஷம்தான் இருக்கும்.

மாடித்தோட்டம்_அக்கா
அதானே பாத்தேன் 😄 எங்க வீட்டுலயும் முதல் வருஷம் இதே கதை, ஈரக் கரண்டி போட்டுட்டு எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டோம்.

தோப்புக்காரன்_பொள்ளாச்சி
சரிங்க, இருக்கறத என்ன பண்றது? ஈக்கே திருப்பி வெச்சிரலாமுங்களா?

குலசேகரம்_தேன்காரர்
புளிச்சத ஈக்கு வைக்கவே வைக்காதீங்க, வயிறு கெட்டுரும். மூடிய முதல்ல தளர்த்தி விடுங்க, இல்லன்னா கண்ணாடி வெடிக்கும். புழுப்பால் கலந்து கள்ளு வாசம் வந்துட்டதால மனசைத் தேத்திக்கிட்டு கொட்டுறதுதான் நல்லது. லேசா நுரைக்கிறதுன்னா வெந்நீர்ல இறக்கி 60 டிகிரி பக்கம் சூடாக்கி நுரைய அள்ளிட்டுச் சமையலுக்கு எடுத்துக்கலாம், இது அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டு.

தேன விடுங்க, ஈயப் பாருங்க. கீழ் அறைத் தேன் அதுக மழைக்காலச் சாப்பாடு. அதையும் எடுத்துட்டா நம்ம நாட்டு ஈ கோவிச்சுக்கிட்டுப் பெட்டியக் காலி பண்ணிரும். சிரட்டையில சீனித்தண்ணி வச்சு, மேல ரெண்டு ஈர்க்குச்சி போடுங்க, இல்லன்னா முங்கிச் சாகும். சாயங்காலமா பெட்டிக்குள்ளயே வைங்க, வெளிய வச்சா அடுத்த கூட்டத்து ஈ கொள்ளையடிக்க வரும். அடுத்த வருஷம் மேல் அறை வச்சு, மூடின மெழுக மட்டும் கத்தியால சீவிட்டு மெஷின்ல சுத்துங்க. காலி அடையத் திருப்பி வச்சா ஈக்கு மறுபடி மெழுகு கட்டுற வேலை மிச்சம்.

தோப்புக்காரன்_பொள்ளாச்சி
ரொம்ப நன்றிங்ணா. இன்னொரு பாட்டில் இன்னும் பொங்கல. எங்க அமுச்சி அதுல துளி எடுத்துக் கொழந்தைக்குச் சேனை வெக்கோணும்னு நிக்கறாங்க, பொறந்து இருபது நாள் ஆச்சு.

மாடித்தோட்டம்_அக்கா
வேண்டவே வேண்டாம் தம்பி! ஒரு வயசு முடியற வரைக்கும் எந்தத் தேனும் குடுக்கக்கூடாது, சுத்தமான தேனா இருந்தாலும். அதுல இருக்கற ஒரு கிருமி நமக்கு ஒண்ணும் பண்ணாது, பச்சக்குழந்தைக்கு ஆபத்து. டாக்டர் சொன்னார்னு சொல்லுங்க, அமுச்சி கேப்பாங்க.

தோப்புக்காரன்_பொள்ளாச்சி
டாக்டர் பேரைச் சொன்னதும் அமுச்சி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, ஆனா விட்டுட்டாங்க. சாயங்காலம் சிரட்டை வெக்கப் பெட்டியத் தொறந்தேன், ராணி முட்டை வெச்சிட்டுத்தான் இருக்குது. நான் அறுத்த எடத்துல வெள்ளையா புது அடை, உள்ளங்கை அளவு கட்டியிருக்குதுங்க. சத்தமில்லாம மூடிட்டு வந்துட்டேன்.