புதுப்பிப்பு: டிஜிட்டல் நைட் விஷன் ஸ்கோப்பில் படத் தரம் பார்ப்பது

டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கு டிஜிட்டல் நைட் விஷன் ஸ்கோப் (இருட்டில் குறிபார்க்கத் துப்பாக்கியில் மாட்டும் கருவி) வாங்குகிறவர்கள் சென்சார் ரெசல்யூஷனை, அதாவது படம்பிடிக்கும் சில்லின் பிக்சல் எண்ணிக்கையை, மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்று முன்பு எழுதியிருந்தேன். வேறு எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

ஸ்கோப் பதிவுசெய்த வீடியோவை நம்பி முடிவெடுக்காதீர்கள். கண் பார்ப்பது ஐபீஸுக்குள் (கண் வைக்கும் பகுதிக்குள்) இருக்கும் சின்னத் திரையை. சென்சார் 3840×2160 என்றாலும் திரை 1280×720 என்றால் கண்ணுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

துப்பாக்கியில் மாட்டாமல் ட்ரைபாடில் வைத்துச் சோதியுங்கள். முதலில் டயாப்டரை (ஐபீஸை உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யும் வளையத்தை) திருப்பி, திரையில் தெரியும் குறிபார்க்கும் கோடுகளைக் கூர்மையாக்குங்கள். காட்சியைப் பார்த்து டயாப்டரைத் தொடவே கூடாது. பிறகு 100 மீட்டரில் உள்ள ஒரு முள்வேலியைப் பார்த்து முன்பக்க லென்ஸை ஃபோகஸ் செய்யுங்கள். இதை இருட்டிலேயே, ஸ்கோப்பின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கைப் போட்டுச் செய்ய வேண்டும். பகலில் வைத்த ஃபோகஸ், ஐஆர் விளக்கின் 850 நானோமீட்டர் அலைநீள ஒளியில் சற்று விலகும். ஜூம் குறைந்த நிலையிலேயே இருக்கட்டும். டிஜிட்டல் ஜூமை இரட்டித்தால் கால்வாசி பிக்சல்தான் மிஞ்சும்.

தூரக்காட்சி இருண்டு போனால் ஸ்கோப்பைக் குறை சொல்லாதீர்கள், பக்கத்துப் புல்லைப் பாருங்கள். பத்தடியில் ஒரு கிளை ஐஆரில் வெள்ளையாக எரிந்தாலே ஆட்டோ எக்ஸ்போஷர் (வெளிச்சத்தைத் தானே சரிசெய்யும் வசதி) மொத்தப் படத்தின் வெளிச்சத்தையும் இறக்கிவிடும். இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் ஐஆர் கற்றையைக் குறுக்குங்கள்.

850 விளக்கின் முகப்பில் தெரியும் சிவப்பு மினுக்கல் 940 நானோமீட்டர் விளக்கில் தெரியாது. ஆனால் அந்த அலைநீளத்தில் சென்சாரின் உணர்திறன் குறைவு, படத்தில் புள்ளி இரைச்சல் கூடும்.

கடைசியாக, ஸ்கோப்பை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். வேலிக்கம்பம் வால்போல இழுபட்டால் ஷட்டர் நேரம் (ஒவ்வொரு படத்துக்கும் சென்சார் ஒளி வாங்கும் நேரம்) நீண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓடும் பன்றிக்கு அந்த ஸ்கோப் உதவாது.