கொலைகாரனின் ஒலிநாடாவை வைத்து பாட்காஸ்ட்: கேட்கலாமா, கூடாதா?

இரவுப்பறவை:
தொடர் கொலைகாரர்கள் பேசிய பதிவுகளை வைத்தே ஓட்டுகிற பாட்காஸ்ட், ஆவணத்தொடர் எதுவும் வரக் கூடாது என்பது என் கட்சி. டெட் பண்டியையே எடுங்கள். 1980-ல் ஃப்ளோரிடாவில் மரண தண்டனைக் கைதியாக இருந்தவனை ஸ்டீஃபன் மிஷோ, ஹியூ ஏன்ஸ்வொர்த் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் நூறு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தார்கள். அதில் அவன் "நான் செய்தேன்" என்று பேசவில்லை, யாரோ ஒருவன் எப்படி யோசித்திருப்பான் என்று நிபுணர் மாதிரி விளக்கம் கொடுத்தான். அந்த நாடாக்களை வைத்து நெட்ஃப்ளிக்ஸ் 2019 ஜனவரி 24 அன்று தொடர் வெளியிட்டது, அவனுக்கு தண்டனை நிறைவேறி சரியாக 30 வருடம். அப்புறம் என்ன நடந்தது? ஆள் அழகாக இருக்கிறான் என்று இணையம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு வேண்டாமே என்று நெட்ஃப்ளிக்ஸே பதிவு போட வேண்டியதாயிற்று. 30 கொலைகளைச் செய்ததாகச் சாவதற்கு முன் ஒப்புக்கொண்டவன் அவன்.

தென்றல்:
பண்டியை வைத்து எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள் சகோ. சாமுவேல் லிட்டில் வழக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலப் போலீஸ் புலனாய்வாளர் (டெக்சஸ் ரேஞ்சர்) ஜேம்ஸ் ஹாலண்ட் 2018-ல் அவனைப் பேச வைத்தார், 93 கொலைகளை ஒப்புக்கொண்டான். கொன்ற பெண்களின் முகங்களை அவனே வரைந்து கொடுத்தான். அதில் பல சாவுகள் போதை மருந்து அதிகமானதால் என்றோ விபத்து என்றோ கோப்பில் முடிந்துபோனவை, ஏனென்றால் தேடி வர ஆளில்லாத பெண்களாகப் பார்த்துத்தான் அவன் கொன்றான். 2019 அக்டோபரில் எஃப்.பி.ஐ. அந்த ஓவியங்களையும் அவன் பேசிய வீடியோக்களையும் வெளியிட்டு, இந்தப் பெண் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று மக்களிடம் கேட்டது. அதையும் வெளியிடாமல் பூட்டி வைத்திருக்க வேண்டுமா?

இரவுப்பறவை:
அது போலீஸ் வேலை. ஊர், வருடம், உடை, முகம் என்று அடையாளம் கண்டுபிடிக்கத்தான் போட்டார்கள். பாட்காஸ்ட்டில் கழுத்தை நெரித்ததைச் சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தி, மெத்தை விளம்பரம் வாசிக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

கேள்விப்பித்தன்:
இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குரலைக் கேட்டாலே ஆளைத் தெரிந்துகொண்டதாக நம்பிவிடுகிறோம். 1979 ஜூனில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்தவனைத் தேடிய விசாரணை அதிகாரி ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டுக்கு ஒரு கேசட் வந்தது, "நான் ஜாக்" என்று தொடங்கும். போலீஸ் அதை நம்பி, பொதுமக்கள் போன் போட்டுக் கேட்கவும் ஏற்பாடு செய்தது. கேசட்டில் இருந்தது வடகிழக்கு இங்கிலாந்தின் வியர்சைட் பக்கத்துப் பேச்சு, அந்தப் பேச்சு இல்லாதவர்களைச் சந்தேகத்திலிருந்து ஒதுக்கினார்கள். அசல் கொலைகாரன் பீட்டர் சட்க்ளிஃப் யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்டுக்காரன், அந்தப் பேச்சு இல்லாதவன். போலீஸ் பலமுறை விசாரித்தும் தப்பினான். கேசட் வந்த பிறகு இன்னும் மூன்று பெண்களைக் கொன்றுவிட்டு 1981 ஜனவரியில்தான் சிக்கினான். பொய்க் கேசட் அனுப்பிய ஜான் ஹம்பிளை டி.என்.ஏ. வைத்துப் பிடித்தபோது வருடம் 2005.

தென்றல்:
அது போலீஸின் தவறு, பாட்காஸ்ட் மேல் எப்படிப் போடுவீர்கள்? சரிபார்த்துப் போடுங்கள் என்று கேளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். போடவே கூடாது என்றால், லிட்டில் சொன்னதை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்விப்பித்தன்:
பண்டியும் பொய்தான் சொன்னான், அதை நூறு மணி நேரம் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆள் இல்லாமல் அந்தக் குரலைக் காதில் மாட்டிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரவுப்பறவை:
குறைந்தபட்சம் செத்தவர்களின் குடும்பத்திடம் கேட்டுவிட்டாவது ஒலிபரப்பட்டும்.

தென்றல்:
லிட்டில் கொன்றதில் பெயரே தெரியாத பெண்கள் இருக்கிறார்களே, யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கவே அவன் பேச்சுதான் வேண்டியிருக்கிறது.

இரவுப்பறவை:
பெயர் தெரியாதவர்களுக்கு எஃப்.பி.ஐ. செய்ததைச் செய்யுங்கள், நான் குறுக்கே வரவில்லை. பண்டி வழக்கில் பெயர் தெரியும், ஊர் தெரியும், பெண்ணைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைக் கேட்பதில் என்ன கஷ்டம்?