மறுமொழி: மரபுநோய்களில் ‘கேரியர்’ – ‘கடத்துபவர்’ வேண்டாம்; ‘ஒருபடியர்’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மரபுவழி நோய்களில், பழுதான மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்று, தாம் நோயுறாமல் இருக்கும் ‘கேரியர்’ எனப்படுபவருக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்குக் ‘கடத்தி’, ‘காவி’, ‘தாங்கி’ என மூன்று விடைகள் வந்திருக்கின்றன. ‘கடத்தி’யும் ‘கடத்துபவ’ரும் பலராலும் எழுதப்பட்டுவருவதால் அவற்றையே நிலைநிறுத்திவிடலாம் என்பது பெரும்பாலோர் கருத்தாகத் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆய்வகத்தில் இரத்தம் பார்க்கும் தொழிலில் இருக்கிறவன் என்பதால், அந்தச் சொல் அச்சடித்த தாளிலிருந்து ஆளிடம் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்பதை நேரில் பார்த்துவிட்டேன்.

ஆனைகட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், இரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும் மரபுவழி நோயான அரிவாளணுச் சோகைக்குப் பரிசோதனை முகாம். விரல்நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கரைசல் உள்ள சிறு குழாயில் விட்டு, சில நிமிடம் கழித்து, கறுப்புக் கோடுகள் அச்சடித்த அட்டைக்கு முன்னால் அந்தக் குழாயைப் பிடித்துப் பார்ப்போம். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. கரைசல் கலங்கிக் கோடு மறைந்தால் அரிவாளணு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். அது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்ததா, ஒருவரிடமிருந்து மட்டும் வந்ததா என்பதைக் குழாய் சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டுப் பட்டைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பிரித்து வந்த முடிவின்படி, முந்தைய முகாமில் இரத்தம் கொடுத்திருந்த பெண்ணொருத்திக்கு முடிவு எழுதிய அட்டை வழங்கப்பட்டது. ‘நோய் கடத்துபவர்’ என்று அதில் அச்சாகியிருந்தது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த தாயார் நிமிர்ந்து, “நாங்க என்னத்தைங்க கடத்துனோம்? சந்தனக்கட்டையா?” என்றார்.

சத்தியமங்கலம் தொடங்கி ஆனைகட்டி வரையுள்ள மலையடிவாரத்தில் ‘கடத்தல்’ என்றதும் எது நினைவுக்கு வரும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோதனைச்சாவடி, வனத்துறை ஜீப், வழக்கு எல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும். அந்தப் பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் அந்த அட்டை பட்டால் எப்படி வாசிப்பார்கள் என்று தாயார் அடுத்ததாகக் கேட்டபோது, எங்களில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

இது உணர்ச்சி சார்ந்த மறுப்பு மட்டுமே என்று ஒதுக்கிவிட வேண்டாம், பொருளும் தவறுகிறது. மலேரியாவைப் பரப்பும் கொசுவை ‘நோய்க்கடத்தி’ என்கிறோம். குடற்காய்ச்சல் தீர்ந்த பிறகும் கிருமியை உடலில் வைத்திருந்து, தாம் நலமாக இருந்துகொண்டே பிறருக்குக் கொடுப்பவரையும் அதே சொல்லால் குறிக்கிறோம். மின்சாரம் பாயும் செம்புக் கம்பியும் கடத்திதான். இவை மூன்றிலும் ஏதோ ஒன்று இங்கிருந்து அங்கே போகிறது. அரிவாளணு மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர் அருகில் இருப்பவருக்கு எதையும் கொடுப்பதில்லை. தொட்டால், சேர்ந்து உண்டால், ஒரே வீட்டில் இருந்தால் ஒன்றும் தொற்றாது. தம் பிள்ளைக்கு அந்த மரபணு போவதற்கும் போகாமலிருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பே உண்டு. கணவன் மனைவி இருவரும் இதே நிலையினராக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

‘காவி’ இலங்கைத் தமிழில் நன்றாக வழங்குகிறது. கொங்கில் அது துணியின் நிறமாகவே வாசிக்கப்படும். ‘தாங்கி’ மேலானது, ஆனால் அதைக் குடற்காய்ச்சல்காரருக்கு விட்டுவைக்கலாம்.

முகாமில் உடன்வந்த செவிலியர் ஒருவர் இதை நூலால் விளக்குவார். நெசவூரான சென்னிமலைக்காரர் என்பதால் நூல் கைக்கு வரும். இரண்டு வெள்ளை இழைகளைச் சேர்த்து முறுக்கிக் காட்டி, “அப்பன் ஒண்ணு, ஆத்தா ஒண்ணு” என்பார். பிறகு ஒரு வெள்ளையை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்து முறுக்கி, “உங்களுது இப்படி, ஒத்தை இழை மட்டும் வேற” என்பார். கேட்பவர் முகம் தெளிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘ஓரிழையர்’ என்றே சொல்லாக்கிவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளில் உள்ள இரு சரங்களையும் நாம் ‘இழை’ என்கிறோம். அந்த இரண்டு இழையும் ஒரே மரபணுவுக்குரியவை. அப்பனும் ஆத்தாளும் கொடுத்த இரண்டு என்பது வேறு கணக்கு. பதினோராம் வகுப்பு மாணவன் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வான் என்பதால் ‘இழை’யை மனமில்லாமல் கைவிட்டேன்.

அப்பனும் ஆத்தாளும் கொடுத்த அந்த இரண்டையும் குறிக்க ஏற்ற சொல் ‘படி’ என்று நினைக்கிறேன். ‘மூலமும் படியும்’, ‘படியெடுத்தல்’ என்று நகலைக் குறிக்கும் வழக்கு ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிறது. மாறுபட்ட மரபணுப்படி ஒன்றை மட்டும் உடையவர் ‘ஒருபடியர்’, இரண்டு படியும் மாறுபட்டவர் ‘இருபடியர்’, அந்நிலை ‘ஒருபடிநிலை’. ‘ஒற்றைப்படி’ என்றால் பேச்சில் ‘ஒத்தைப்படை’ எண்ணோடு மயங்கும் என்பதால் அதைத் தவிர்த்தேன். ‘ஒரு படி அரிசி’ நினைவுக்கு வராதா என்றால், வரும், வந்தால் என்ன? வள்ளமும் படியும் அளந்த ஊரில் படி என்ற சொல் யாரையும் சுடாது.

நீலகிரியின் மலைவாழ் மக்களிடம் அரிவாளணுவை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் கண்டு எழுதியது 1952இல். ஹீமோகுளோபின் புரதத்தில் ஓரிடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் என்ற அமினோ அமிலம் அமர்ந்திருப்பதே கோளாறு என்று அறிவியலாளர் இங்கிராம் காட்டியது 1957இல். இவ்வளவு காலமாகியும் அந்த மக்களின் கையில் கொடுக்கும் அட்டைக்கு உரிய சொல் நம்மிடம் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

அன்புடன்,
மேட்டுப்பாளையத்திலிருந்து

•

அன்புத் தம்பிக்கு,

கோவையில் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘கடத்தி’யை நீக்குவதில் எனக்கும் மகிழ்ச்சியே, தாவரங்களில் நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் சைலம், புளோயம் இரண்டையும் ‘கடத்தும் திசு’ என்று நாற்பது ஆண்டு சொல்லிக்கொடுத்த எனக்கு, மனிதரை அப்படிச் சொல்வது ஒருபோதும் ஒட்டவில்லை. ஆனால் ‘ஒருபடியர்’ மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, குருதி உறையாமை நோய். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அவனிடம் ஒரு படிதான் உண்டு. அது பழுதானால் அவன் நோயாளி. உங்கள் கணக்குப்படி அவனும் ஒருபடியன், நலமாக இருக்கும் அவன் தாயும் ஒருபடியர். இரண்டாவது, நரம்பு நோயான ஹண்டிங்டன் போன்ற ஓங்குநிலை நோய்களில் ஒரு படியே நோயைத் தந்துவிடும். மூன்றாவது என் சொந்தக் குறை: கரும்பு. 1912இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், வெள்ளை என்னும் ஆலைக்கரும்பையும் காட்டுக்கரும்பான நாணலையும் இணைத்து உருவானதுதான் கோ 205. அந்த வழியில் வந்த இன்றைய கரும்புகளில் குரோமோசோம்கள் நூற்றுக்கும் மேல். ஒரே மரபணுவுக்குப் பல படிகள் இருக்கும். அங்கே ‘ஒருபடி’, ‘இருபடி’ என்று எதைச் சொல்வீர்கள்?

கோவையிலிருந்து

•

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் மறுப்பு சரியானது. நான் அதை யோசிக்காமல் விட்டது பிழை. இரண்டில் ஒன்று பழுதானதும், இருப்பதே ஒன்றுதான் என்பதும் வேறு வேறு நிலைகள். பின்னதற்குத் ‘தனிப்படியர்’ என்று வைத்துக்கொள்ளலாமா? குருதி உறையாமை உள்ள ஆண் தனிப்படியன். அவன் தாய் ஒருபடியர். ஒருபுறம் இது எனக்கு நிறைவாகவே இருக்கிறது: மகன் ஏன் நோயுற்றான், தாய் ஏன் நோயுறவில்லை என்ற கேள்விக்கு அந்த இரு சொற்களுமே பாதி விடை சொல்லிவிடுகின்றன.

ஹண்டிங்டனைப் பொறுத்தவரை, ‘ஒருபடியர்’ என்பது படிகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லட்டும்; நலமாக இருப்பவர் என்ற பொருளை ‘ஒடுங்குநிலை’ (இரு படியும் பழுதானால்தான் நோய்) என்ற அடைமொழி தரட்டும். அரிவாளணு நோய் ஒடுங்குநிலை நோய் என்று அட்டையின் தலைப்பிலேயே எழுதிவிடலாம். கரும்புக்கும் ‘படி’ என்ற அடிச்சொல் பயன்படவே செய்யும். ‘எட்டில் மூன்று படி’ என்று எழுதுவதில் தடையில்லை. கரும்பைப் போல் குரோமோசோம் தொகுதிகள் பல உள்ள பன்மடியப் பயிர்களை ஒருபடி, இருபடி என்ற இரண்டே பெட்டிக்குள் அடைக்க நானும் விரும்பவில்லை.

தாங்கள் சொல்லாத நான்காவது சிக்கல் ஒன்றை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பெற்றோரிடமிருந்து அரிவாளணுவையும் மற்றவரிடமிருந்து, ஹீமோகுளோபின் உருவாவதைக் குறைக்கும் பீட்டா தலசீமியாவையும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அரிவாளணுவை மட்டும் எண்ணினால் அவர் ஒருபடியர். ஆனால் அவர் நோயாளி. பட்டைகளைப் பார்க்கும்போதே ஐயம் எழும்: சாதாரண ஒருபடியரிடம் இயல்பான ஹீமோகுளோபினின் ‘ஏ’ பட்டை, அரிவாளணு ஹீமோகுளோபினின் ‘எஸ்’ பட்டையைவிடத் தடித்திருக்கும், இவரிடம் ‘எஸ்’ தடித்து, ‘ஏ’ மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். ஆகவே அட்டையில் ‘அரிவாளணு ஒருபடியர்’ என்று எழுதும் முன் தலசீமியா இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். இவர்களைக் ‘கலப்பு இருபடியர்’ எனலாம் என்று இப்போதைக்குக் குறித்துவைத்திருக்கிறேன். மேலான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.

அட்டை வாசகத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘இவர் அரிவாளணு ஒருபடியர். இவருக்கு இந்நோய் இல்லை. இவரிடமிருந்து எவருக்கும் தொற்றாது. திருமணத்துக்கு முன் துணைவரும் இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.’ அடுத்த முகாமுக்கு இதைக் கையால் எழுதி எடுத்துப்போகிறேன். சென்னிமலைச் செவிலியர் வாசித்துக் காட்டட்டும். கேட்பவர்கள் எந்தச் சொல்லில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள் என்று குறித்துவந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
மேட்டுப்பாளையத்திலிருந்து