கொசப்பேட்டை வீடு: நிச்சயதார்த்த வேலைகள்

ஞாயிறு, 27 ஜூலை 2025, காலை 7:04

விஜயா: கவின் எழுந்தானா? யாராவது அவனுக்கு போன் போடுங்கள். நான் போட்டால் எடுப்பதில்லை.

விஜயா: ராணிப்பேட்டையிலிருந்து சம்பந்தி அம்மா ஆறரைக்கே போன். வேலூரில் படிக்கிற பையன் ஒருத்தன் யாரோ பெரிய ஆள் பேரில் ஃபுட்பால் ஆபீசுக்குப் பொய் மெயில் போட்டானாமே, உங்கள் பையனும் காட்பாடியில்தானே படிக்கிறான் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அந்தச் சிரிப்பு சரியில்லை.

ஆனந்தி குடியாத்தம்: என்ன மெயில்?

சேகர் ஆம்பூர்: சென்னை மெயிலா?

திவ்யா: மாமா, காலையிலேயேவா

பழனி பி.டி. சார்: அண்ணி பதற வேண்டாம். விவரமாகச் சொல்கிறேன். நம் இந்திய ஃபுட்பால் டீமுக்கு இப்போது கோச் இல்லை. ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸ் இந்த மாத ஆரம்பத்தில் விலகிவிட்டார். ஆடியது 8 மேட்ச், ஜெயித்தது ஒன்று, அதுவும் மாலத்தீவிடம். ஜூன் 10-ஆம் தேதி ஹாங்காங்கில் கடைசி நேரத்தில் பெனால்டி கொடுத்துத் தோற்றோம். அப்புறம் ஃபெடரேஷன் விண்ணப்பம் கேட்டது. 170 வந்தது. அதில் பார்சிலோனாவில் ஆடி, அங்கேயே கோச்சாகவும் இருந்த ஸாவியும் இருந்தார், சம்பளம் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை பேப்பரில் செய்தி. உலகமே சிரித்தது. நேற்று ஃபெடரேஷனே அறிக்கை விட்டது, ஸாவி, இன்னொரு பெரிய ஸ்பெயின் கோச் கார்டியோலா, இருவர் பேரில் வந்ததும் நிஜம் இல்லையாம். அதில் ஸாவி மெயில் வேலூரில் படிக்கிற 19 வயது மாணவன் வேலை என்று இப்போது ஓடுகிறது. (தொடரும்)

சேகர் ஆம்பூர்: தொடருமா

விஜயா: கவினுக்கும் 19

மணி அண்ணன்: ம்

கவின்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஆனந்தி குடியாத்தம்: என்ன போட்டு அழித்தாய்?

கவின்: வேறு குரூப்புக்குப் போக வேண்டியது அத்தை. அம்மா, நான் இல்லை. அவன் யாரென்றே எனக்குத் தெரியாது. காட்பாடியில் எத்தனை ஆயிரம் பேர் படிக்கிறார்கள், எல்லாருக்கும் இதே வயசுதான்.

விஜயா: சத்தியமாக?

கவின்: படவேடு ரேணுகாம்பாள் சத்தியமாக ஸாவி மெயில் நான் போடவில்லை

ஆனந்தி குடியாத்தம்: படவேடு என்றதும் ஞாபகம் வந்தது. வருகிற ஆடி வெள்ளிக்கு யார் யார் வருகிறீர்கள்? வேன் சொல்ல வேண்டும். போன வருஷம் மாதிரி வேன் வாசலுக்கு வந்த பிறகு தலைவலி, காய்ச்சல் எல்லாம் வேண்டாம்.

திவ்யா: நான் வருகிறேன்

சேகர் ஆம்பூர்: வெள்ளிக்கிழமை கம்பெனியில் ஷிப்மென்ட். லீவு கஷ்டம்.

ஆனந்தி குடியாத்தம்: ஒருத்தர் அவுட்

விஜயா: வேன் இருக்கட்டும். சம்பந்தி அம்மாவிடம் யார் பேசுவது? திவ்யா நிச்சயதார்த்தம் ஆவணி முதல் முகூர்த்தம். அதற்குள் அந்த வீட்டில் நம்மைப் பற்றி ஒரு பேச்சு வரக்கூடாது.

பழனி பி.டி. சார்: நான் பேசுகிறேன் அண்ணி

திவ்யா: வேண்டாம் சித்தப்பா

சேகர் ஆம்பூர்: பி.டி. மாமா பேசினால் 1956-லிருந்து ஆரம்பிப்பார். பெண் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

பழனி பி.டி. சார்: 1956 என்று கிண்டலாகச் சொல்கிறாய். அந்த வருஷம் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4-ஆவது இடம். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று சாய்த்துத் தங்கம். இரண்டுக்கும் கோச் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். தொழில் என்ன தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார். வெளிநாட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவர் 1963-இல் கேன்சரில் போய்ச் சேர்ந்தார், அதற்கப்புறம் அந்த உயரத்துக்கு நாம் போகவே இல்லை. இதை நான் ஸ்டாஃப் ரூமில் சொன்னால்கூட ஒருத்தரும் கேட்டதில்லை.

சேகர் ஆம்பூர்: இப்போதும்

ரமேஷ் கத்தார்: இங்கே மணி ஐந்துகூட ஆகவில்லை. போன் அதிர்ந்து கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது. என்ன நடக்கிறது?

கவின்: மச்சான், என்மேல் கேஸ்

ரமேஷ் கத்தார்: ஸாவியா, நீயா செய்தாய்? சூப்பர்டா

விஜயா: ரமேஷ்!!

ரமேஷ் கத்தார்: சும்மா அத்தை. பழனி மாமா, கோச் வேலைக்குக் கடைசி மூன்று பேர் யார்?

பழனி பி.டி. சார்: காலித் ஜமீல், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாக்காரர் டார்கோவிச். பழைய இந்திய ஆட்டக்காரர் ஐ.எம். விஜயன் தலைமையில் டெக்னிகல் கமிட்டி வடிகட்டியது. என் ஓட்டு ஜமீலுக்கு. ஐஸ்வால் எஃப்.சி. என்று மிசோரமில் ஒரு சின்ன டீம். அப்போது நாட்டின் பெரிய லீக்கான ஐ-லீக்கிலிருந்து கீழே தள்ளி, திரும்பச் சேர்த்துக்கொண்ட டீம். அதை வைத்து 2016-17-இல் ஐ-லீக்கையே ஜெயித்தார். கையில் காசில்லாத டீமை நடத்தத் தெரிந்தவர்தான் இப்போது தேவை. உலக ரேங்க் 133-இல் இருக்கிறோம், இப்போதைய பெரிய லீக் ஐ.எஸ்.எல். இந்த வருஷம் நடக்குமா என்பதே தொங்கலில் இருக்கிறது.

ரமேஷ் கத்தார்: எனக்கு கான்ஸ்டன்டைன். ஏற்கெனவே இரண்டு தடவை இருந்தவர். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1. மனோலோவுக்கு முன்னால் இருந்த ஸ்டிமாச் மாதிரி வாய் இல்லை.

பழனி பி.டி. சார்: ஸ்டிமாச்சுக்கு வாய் இருந்தது உண்மை. ஆனால் போன வருஷம் தோஹாவில் கத்தாரோடு ஆடியபோது நடந்தது அநியாயம்.

ரமேஷ் கத்தார்: நான் அன்றைக்கு ஸ்டேடியத்தில் இருந்தேன் மாமா. நம் சாங்டே கோல் போட்டு 1-0-இல் இருக்கிறோம். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது, அதைக் காலால் இழுத்து உள்ளே விட்டுக் கோல் என்கிறார்கள். ரெஃப்ரி கொடுத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கத்தார்காரரே தலையைக் குனிந்துகொண்டார். 2-1. உலகக்கோப்பைக் கனவு அதோடு சரி.

கவின்: பழனி சித்தப்பா அன்றைக்கு ரிமோட்டை உடைத்தார்

பழனி பி.டி. சார்: அது கை தவறி விழுந்தது

திவ்யா: இவ்வளவு பேசுகிறீர்களே, பெண்கள் டீம் இந்த மாதம் 5-ஆம் தேதி தாய்லாந்துக்கே போய் 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். கோச் கிறிஸ்பின் செத்ரி, நம் நாட்டுக்காரர்தான். இந்த குரூப்பில் ஒரு கைதட்டல்கூட இல்லை.

சேகர் ஆம்பூர்: அன்றைக்குப் பட்டுப்புடவை போட்டோ 43 போட்டது யார்?

ஆனந்தி குடியாத்தம்: கூடவே இருக்கிற பையனை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடுவது ஒன்றும் புதிதில்லை. நம் வீட்டிலும் நடந்ததுதானே.

ரமேஷ் கத்தார்: அம்மா, நானும் இந்த குரூப்பில்தான் இருக்கிறேன்

விஜயா: ஆனந்தி, பொருத்தம் இல்லை என்று சொன்னது நீ கூட்டிவந்த ஜோசியர்.

ஆனந்தி குடியாத்தம்: நான் கோச்சைச் சொன்னேன் அண்ணி

திவ்யா: அத்தை, ப்ளீஸ்

மணி அண்ணன்: சரி விடுங்கள்

சேகர் ஆம்பூர்: மாமா இரண்டு வார்த்தை பேசிவிட்டார். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பழனி பி.டி. சார்: கவினை எட்டாவதிலேயே ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்க்கலாம் என்றேன். இதே மாதிரிதான் அன்றைக்கும் "சரி விடு" என்றார்.

விஜயா: தம்பி, அதை இப்போது ஆரம்பிக்காதீர்கள்

சேகர் ஆம்பூர்: அக்கா, சமையலுக்கு என்ன முடிவு? பேரணாம்பட்டு மாஸ்டர் ஆவணிக்குத் தேதி கேட்கிறார்கள் என்று நேற்றே சொன்னார்.

விஜயா: சென்னை கேட்டரிங் ஒன்று பார்த்திருக்கிறேன். சம்பந்தி வீட்டில் எல்லாரும் படித்தவர்கள்.

சேகர் ஆம்பூர்: படித்தவர்களுக்கு வயிறு வேறு மாதிரியா? வளைகாப்புக்கும் சென்னையிலிருந்துதான் வந்தார்கள். மூன்றாவது பந்தியில் சாம்பார் இல்லை. அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை.

விஜயா: அந்த ஆள் அன்றைக்கு வேறு மண்டபத்துக்கும் போக வேண்டியிருந்தது

சேகர் ஆம்பூர்: பி.டி. மாமா, உங்கள் மனோலோ கூட கோவா டீமுக்கும் கோச்சாகவே இருந்துகொண்டு இந்தியாவையும் பார்த்தார் இல்லையா? ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டில் அட்வான்ஸ் வாங்கின மாஸ்டர் கதை.

பழனி பி.டி. சார்: வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபுட்பால் பற்றிச் சரியாகப் பேசியிருக்கிறாய் மாப்ளே. ஆனால் கோவாவுக்கு அவர் நன்றாகவே செய்தார். மே மாதம் சூப்பர் கப் ஃபைனலில் ஜமீலின் ஜாம்ஷெட்பூரையே 3-0 என்று அடித்தார்.

ரமேஷ் கத்தார்: அப்போ ஏன் மாமா ஜமீல்?

பழனி பி.டி. சார்: குரல் பதிவு, 6:40

ஆனந்தி குடியாத்தம்: ஆறு நிமிஷமா!

கவின்: யாராவது கேட்டுச் சுருக்கமாகச் சொல்லுங்கள்

திவ்யா: கவின், நீ மெயிலே போடவில்லை என்று மட்டும் சொல்லாதே

விஜயா: என்ன?

கவின்: அக்கா!!!

திவ்யா: ஸாவி பேரில் போடவில்லை. அது உண்மை.

விஜயா: பின்னே யார் பேரில்?

கவின்: பழனி சித்தப்பா பேரில்

ரமேஷ் கத்தார்: செத்தேன்

கவின்: பொய் ஒன்றும் எழுதவில்லை. ரிட்டயர்டு பி.டி. ஆசிரியர், வேலூர். நேதாஜி ஸ்டேடியத்தில் பசங்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார். சம்பளம் கேட்க மாட்டார். தோசைக்கு மட்டும் ஏற்பாடு செய்யவும்.

சேகர் ஆம்பூர்: 170-இல் நம் வீட்டுப் பங்கு ஒன்று

விஜயா: தம்பி, கோபப்படாதீர்கள். சின்னப் பையன்.

பழனி பி.டி. சார்: எந்த போட்டோ வைத்தாய்?

கவின்: விசிலோடு இருக்கிறது

பழனி பி.டி. சார்: அது பழையது. கோச்சுக்கான ப்ரோ லைசென்ஸ் கேட்பார்கள், நம்மிடம் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே தள்ளியிருப்பார்கள்.

பழனி பி.டி. சார்: பதில் ஏதாவது வந்ததா?

ஆனந்தி குடியாத்தம்: சின்ன அண்ணா!

விஜயா: இது இந்த குரூப்பைத் தாண்டக்கூடாது. ராணிப்பேட்டைக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

திவ்யா: அம்மா

திவ்யா: அவரிடம் போன வாரமே சொல்லிவிட்டேன். சிரிப்பாக இருந்தது, சொன்னேன். அவர் அவங்க அம்மாவிடம் சொல்லியிருப்பார் போல.

சேகர் ஆம்பூர்: அதுதான் அந்தச் சிரிப்பு

விஜயா: கடவுளே. இப்போது நான் போன் செய்வதா, வேண்டாமா?

ரமேஷ் கத்தார்: பெரிய மாமா பேசட்டும். அவர் பேசினால் எதுவும் வெளியே வராது.

மணி அண்ணன்: சாயங்காலம் பார்க்கலாம்

விஜயா: எந்த சாயங்காலம்?

ஆனந்தி குடியாத்தம்: வேனுக்கு இதுவரை பேர் கொடுத்தது ஒரே ஆள். இன்று மதியத்துக்குள் சொல்லவில்லை என்றால் நான் பஸ்ஸில் போய்விடுவேன்.

சேகர் ஆம்பூர்: மாஸ்டர் லைனில் இருக்கிறார். ஐயாயிரம் அட்வான்ஸ் போட்டால் தேதியைப் பிடித்து வைப்பார். சென்னையா, பேரணாம்பட்டா?

விஜயா: இவரைக் கேட்டுச் சொல்கிறேன்

ரமேஷ் கத்தார்: தேதி போய்விடப் போகிறது. மாஸ்டர் நம்பர் அனுப்புங்கள், நான் போட்டுவிடுகிறேன்.

ஆனந்தி குடியாத்தம்: நீ ஏன் போடுகிறாய்?