புதுப்பிப்பு: ஒருவழியாக அந்த மேப் முடிந்தது

ஹீரோஸ் 3 என்ற கணினி வியூக விளையாட்டில், ஒரு கஸ்டம் மேப்பில் (ரசிகர்கள் உருவாக்கும் வரைபடம்) மூன்றாவது வாரமே சிவப்பு எதிரி வந்து என் கோட்டையைப் பிடிக்கிறான் என்று முன்பு புலம்பியிருந்தேனே, நேற்று ராத்திரி ஜெயித்துவிட்டேன்.

தப்பு என்மேல்தான். படையை இரண்டு ஹீரோக்களுக்கு (படைத்தலைவர்கள்) பிரித்திருந்தேன். இந்த முறை எல்லாம் ஒருவனிடமே. மற்றவர்கள் வாரத்தின் முதல் நாள் பெருகும் படையைக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சுமைகூலிகள். ஹீரோ எர்த் மேஜிக் என்ற மந்திரத் திறனில் உச்சநிலையான எக்ஸ்பர்ட் ஆனபின், வேகத்தைக் குறைக்கும் 'ஸ்லோ' மந்திரத்தைப் போட்டால் எதிரி மொத்தமும் நத்தைதான்.

நடுவழியை அடைத்து நின்ற மினோட்டார்கள் (காளைத்தலை மனிதர்கள்)தான் பெரிய தலைவலி. அடி வாங்கிய படை திருப்பிக் கொடுக்கும் பதிலடி சுற்றுக்கு ஒன்றுதானே? அதை வாங்கிக்கொள்ள கோப்ளின் என்ற அற்பப் படைவீரன் ஒருவனை முன்னால் விட்டேன், பாவம். பின்னாலேயே பெரிய படை. கழுகுத்தலைச் சிங்கமான கிரிஃபினிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது, அது ஒரே சுற்றில் இரண்டு முறை பதிலடி கொடுக்கும்.