வெனீருக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், கோ.புதூர்:

குழுவினருக்கு வணக்கம்.

மதுரையில் ஒரு பல் மருத்துவமனைக்காக நோயாளிகள் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவமும் அதில் அடக்கம். வெள்ளிக்கிழமை காலைக்குள் கோப்பு வராவிட்டால் கல்யாணப் பத்திரிகை வேலைக்கு இயந்திரத்தைத் திருப்பிவிடுவேன் என்று சிம்மக்கல் அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார். ஆவணி முகூர்த்தம், அவரைக் குறை சொல்ல முடியாது.

பல் அடைத்தல், வேர் சிகிச்சை, பல் செட்டு, கேப், கிளிப் எல்லாம் மக்கள் வாயிலேயே இருக்கின்றன. வெனீர்தான் இடிக்கிறது. முன்பல்லின் முகப்பில் ஒட்டுகிற மெல்லிய பீங்கான் தகடு. அப்படியே ஒலிபெயர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வரைவை வரவேற்பறையில் சிலரிடம் படிக்கக் கொடுத்தபோது, மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், “வெந்நீர்தானே, வீட்டிலேயே வைத்துக் கொப்பளித்துக்கொள்கிறேன். அதற்கு ஏன் இவ்வளவு ரூபாய்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். வெனீர் என்று அச்சிட்டால் அது எழுத்துப்பிழையுள்ள வெந்நீர்தான்.

ஒரு சொல் தாருங்கள். கட்டுரை வேண்டாம்.

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பரங்குன்றம்:

கேட்டதும் தோன்றியது: முறுவலணி.

முறுவல் என்பதற்குப் பல், புன்னகை என்று இரண்டு பொருளும் உண்டு. “முறிமேனி முத்தம் முறுவல்” என்ற குறளில் முறுவலே முத்தாகிறது. பல்லைக் குறிக்க மூரலும் உண்டு; ஆனால் மூரலுக்குச் சோறு என்றும் பொருளிருப்பதால் விலக்கினேன். நகையணி என்றால் தெற்கு ஆவணி மூல வீதியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. ‘பாலொடு தேன்கலந் தற்றே’ என்ற குறளில் வரும் ‘வாலெயிறு’ நினைவிருக்கும். அந்த எயிறே திரிந்து ஈறு ஆயிற்று என்பது என் துணிபு. பல்லையும் அதைப் பிடித்திருக்கும் தசையையும் ஒரே சொல்லால் வழங்கிய காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

மென்பொருளாளர், திருமங்கலம்:

ஐயா, எயிறு ஈறானதற்குச் சான்று காட்டினால் மகிழ்வேன். அது கிடக்கட்டும். முறுவலணி என்றால் கிளிப் என்றுதான் நினைப்பார்கள்.

பல் ஓடு என்று வைக்கலாமே? நண்டுக்கும் முட்டைக்கும் ஓடு இருக்கிறது. மெலிந்தது, வெளிப்புறம் இருப்பது, உடையக்கூடியது. மூன்று குணமும் பொருந்துகின்றன.

மொழிபெயர்ப்பாளர், கோ.புதூர்:

தம்பி, சேர்த்து எழுதிப் பாருங்கள். ‘பல்லோடு பசை கொண்டு ஒட்டப்படும்’ என்ற வரியில் எதை எதனோடு ஒட்டுகிறோம்?

பிளைவுட் வணிகர், மதுரை:

மரத் தொழிலில் இந்தச் சொல் எப்போதோ வந்துவிட்டது. நாங்கள் வினீர் என்கிறோம். தேக்கை மெல்லிய ஏடாகச் சீவி பிளைவுட் மேல் ஒட்டுவது. வினீர் போட்ட கதவு என்றாலே உள்ளே தேக்கு இல்லை என்று வாங்குகிறவருக்குத் தெரியும். உங்கள் சொல்லும் அதைச் சொல்ல வேண்டாமா? முறுவலணி எதையும் சொல்லவில்லை. பல்மேல் ஏடு, பல்லேடு, எதுவானாலும் சரி.

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பரங்குன்றம்:

பல்லேடு என்றால் பல ஏடுகள் என்றாகும். ‘பல்’லுக்குப் பல என்ற பொருளும் இருப்பதை மறந்து சொல் படைக்கக் கூடாது.

பல் மருத்துவர், மதுரை அண்ணாநகர்:

ஐயா சொல்வது உண்மை. எங்கள் மருத்துவமனைப் பலகையில் பல்நோக்கு மருத்துவமனை என்று எழுதலாமா என்று பெயர் எழுத வந்தவர் ஒருமுறை கேட்டார். பல்லை நோக்கும் மருத்துவமனை என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெனீர் அணிவது அல்ல. அணிந்தது என்றால் கழற்றலாம். இதைக் கழற்றினால் பழைய பல் திரும்ப வராது. தகடு உட்காருவதற்காகப் பல்லின் முன்பக்க எனாமலைப் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை குறைக்கிறோம். எனாமலை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைத்த பிறகு இருப்பதில்லை. அதனால் சீவியது சீவியதுதான். பிறகு பாஸ்பாரிக் அமிலம் தடவி, எனாமலில் நுண்ணிய குழிகளை உண்டாக்கி, ரெசின் பசையால் தகட்டை ஒட்டுகிறோம். அமிலம் தடவினால் எனாமலில் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் புவோனோகோர் 1955இல் காட்டியதன் மேல்தான் இன்றைய ஒட்டு வேலை எல்லாம் நிற்கிறது.

என்னிடம் வெனீர் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையில்லை. பல் மஞ்சளாக இருந்தால் வெண்மையாக்கினால் போதும். சிறிய இடைவெளியைக் காம்போசிட் என்ற பல் நிறப் பிசினை வைத்துச் சரிசெய்யலாம். அது சீக்கிரம் கறை பிடிக்கும், ஆனால் பல்லை அதிகம் இழக்க வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்த ஊர்களில் பிறந்து வளர்ந்து, பல்லெல்லாம் பழுப்புக் கறையும் குழியுமாக வருகிறவர்கள் வேறு. கல்யாணப் பேச்சு நடக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வெனீர் உண்மையாகவே உதவும்.

இந்த இரண்டு வகையினரும் ஒரே படிவத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். சொல் அழகாக இருந்தால் அதற்கு மேல் படிக்க மாட்டார்கள். முறுவலணி நகைக்கடை விளம்பரத்துக்குப் பொருந்தும். ஒப்புதல் படிவத்துக்கு வேண்டாம்.

வரைவில் இன்னொரு திருத்தம். ‘பல்லைத் தேய்த்த பின் தகடு ஒட்டப்படும்’ என்று இருக்கிறது. பல் துலக்கிவிட்டு வரச் சொல்கிறீர்கள் என்றே படிப்பார்கள். ‘சீவிய பின்’ அல்லது ‘அராவிய பின்’ என்று மாற்றுங்கள்.

பல் ஆய்வகத் தொழில்நுட்பர், ஆரப்பாளையம்:

டாக்டர் வாயில் ஒட்டுவதை நாங்கள்தான் மேசையில் செய்கிறோம். எனவே நானும் ஒரு வார்த்தை. தகடு என்றால் மடங்கும். இது மடங்காது, முறியும். பல்லில் ஒட்டும்வரை விரலிடுக்கில் அழுத்திப் பிடித்தாலே போய்விடும். ஒட்டிய பிறகுதான் அதற்குப் பலம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் ரேகை அந்தப் பக்கம் தெரியும். அதனால்தான் அடியிலிருக்கும் பல்லின் நிறமும் பசையின் நிறமும் சேர்ந்தே கடைசி நிறம் வரும். நிற அட்டையில் ஏ2 கேட்ட டாக்டர் மங்கலான பல்லின் மேல் ஒட்டிவிட்டு, அதைவிட அடர்ந்த ஏ3 வந்திருக்கிறது என்று எங்களிடம் சண்டைக்கு வருவார். இந்த டாக்டரைச் சொல்லவில்லை.

பீங்கான் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். வெனீருக்குப் போடும் லித்தியம் டைசிலிக்கேட் ஒரு வகைக் கண்ணாடிப் பீங்கான். கேப்புக்குப் போடும் ஜிர்கோனியாவில் கண்ணாடி கிடையாது. அதன் கட்டியில் அளவைவிட ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடு பெரிதாகக் கடைந்து, 1500 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். சுடும் முன் சாக்பீஸ் போல நகத்தால் கீறலாம். சுட்ட பின் வைரத்தூள் பதித்த கருவிதான் அதைத் தொட முடியும்.

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பரங்குன்றம்:

பயனுள்ள செய்தி. ஆனால் பீங்கான் தமிழன்று, பாரசீக வழி வந்தது. பக்கத்தில் கீழடியை வைத்துக்கொண்டு சுடுமண் என்று எழுத ஏன் கூசுகிறோம்? ஜிர்கோனியாவின் மூலச்சொல்லும் பாரசீகத்தில் பொன்னிறம் என்ற பொருளுடையது என்பர். அதைப் பொன்மணிச் சுடுமண் எனலாம்.

பல் ஆய்வகத் தொழில்நுட்பர், ஆரப்பாளையம்:

ஐயா, வெள்ளை வெளேரென்று இருக்கிற கேப்பைப் பொன்மணி என்று பில் போட்டால், பொன் எங்கே என்று கேட்பார்கள். சுடுமண் பல் என்றால் அய்யனார் கோயில் குதிரைக்கு வைப்பது.

தாவரவியல் ஆசிரியை, சோழவந்தான்:

வேர் சிகிச்சையில் நிரப்பும் கட்டா பெர்ச்சாவுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? அது மலாய்ச் சொல்; கெத்தா என்றால் மரப்பால். அந்த மரம் நம் இலுப்பைக்கும் மகிழ மரத்துக்கும் ஒரே குடும்பம். மகிழம் பட்டையால் பல் துலக்கிய ஊரில், அதன் உறவுக்கார மரத்தின் பால் பல்லின் வேருக்குள் போகிறது. மகிழ்ப்பால் என்று வைக்கலாமா?

மொழிபெயர்ப்பாளர், கோ.புதூர்:

அம்மா, அழகான சொல். ஆனால் கையேட்டில் வேர் சிகிச்சைக்கு ஒரே பத்தி. ‘ரப்பர் போன்ற பொருளால் அடைக்கப்படும்’ என்று எழுதி முடித்துவிட்டேன்.

தகடு என்ற சொல்லை எல்லோரும் பொறுத்துக்கொள்வதாகத் தெரிகிறது. முகத்தகடு சரியா? பல்முகப்பு என்றும் ஒருவர் தனிமடலில் சொன்னார்.

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பரங்குன்றம்:

பல்லும் முகப்பும் புணர்ந்தால் பன்முகப்பு. பல முகங்களை உடையது என்று பொருள்படும். தகட்டைச் சேர்த்தால் பற்றகடு. நன்னூல் அப்படித்தான் சொல்கிறது. நான் என்ன செய்ய?

மென்பொருளாளர், திருமங்கலம்:

மென்தகடு?

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பரங்குன்றம்:

மென்றகடு.

மென்பொருளாளர், திருமங்கலம்:

ஐயா, பல் வைத்தியத்தில் மென்ற தகடா? விழுங்கியும்விடுவார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பரங்குன்றம்:

மென்றொடர்க் குற்றியலுகரம் என்று பள்ளியில் எழுதியவர்தானே நீங்கள்? அப்போது எதை மென்றீர்கள்? புணர்ச்சி விதியைக் கேலி செய்கிறவர்கள் பற்பசை என்று மட்டும் விதிப்படி எழுதுகிறார்கள். பல்பசை என்று எழுதிப் பாருங்களேன்.

பல் மருத்துவர், மதுரை அண்ணாநகர்:

முகத்தகடு வேண்டாம். விபத்தில் தாடை, கன்ன எலும்பு முறிந்தவர்களுக்கு டைட்டானியத் தகடு வைத்துத் திருகு போடுகிறோம். உறவினர்கள் அதையே முகத்தில் தகடு வைத்திருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். நான்குவழிச்சாலை ஊரில் இந்தக் குழப்பம் தாங்காது.

பல் முன்தகடு என்று இடைவெளி விட்டே எழுதுங்கள். முன்பல்லுக்கு, முன்பக்கத்தில் வைப்பது. அவ்வளவுதான். கூடவே சொல்லுக்கு அடியில், ‘பல்லின் முன்பக்கத்தைச் சீவிவிட்டு ஒட்டும் தகடு, சீவிய பகுதி மீண்டும் வளராது’ என்ற வரி கட்டாயம் வேண்டும். சொல்லை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வரியை நீக்கினால் என் பெயரைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிளைவுட் வணிகர், மதுரை:

முன்தகடு சரி.

தாவரவியல் ஆசிரியை, சோழவந்தான்:

எனக்கும் சம்மதம். படிக்கிறவருக்கு நாக்கு சுளுக்காது.

மென்பொருளாளர், திருமங்கலம்:

ஓடு தோற்றதில் வருத்தம் உண்டு. முன்தகட்டுக்கு என் ஓட்டு.

பல் ஆய்வகத் தொழில்நுட்பர், ஆரப்பாளையம்:

நீங்கள் என்ன அச்சிட்டாலும் எங்கள் சீட்டில் வெனீர் என்றுதான் வரும். ஆட்சேபம் இல்லை.

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பரங்குன்றம்:

பெரும்பான்மை என்பதால் ஒரு சொல் நல்ல சொல் ஆகிவிடாது. முன்தகடு கதவுக்கும் பொருந்தும், காருக்கும் பொருந்தும். பல்லுக்கென்று அதில் என்ன இருக்கிறது? எச்சரிக்கை வரியை முறுவலணிக்கு அடியிலும் போட்டிருக்கலாமே. டாக்டரின் கவலை நியாயமானது. அதற்காகச் சொல்லை ஏன் அழகில்லாமல் வைத்திருக்க வேண்டும்? என் மறுப்பைப் பதிவு செய்க.

மொழிபெயர்ப்பாளர், கோ.புதூர்:

பதிவாயிற்று ஐயா. தலைப்பில் பல் முன்தகடு. முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் ‘வெனீர் என்பார்கள்’ என்று சேர்த்திருக்கிறேன். டாக்டரின் வரி தடித்த எழுத்தில். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பப் போகிறேன்.

பல் மருத்துவர், மதுரை அண்ணாநகர்:

அனுப்பும் முன் ஒன்பதாம் பக்கம் பாருங்கள். ‘நிரந்தரத் தீர்வு’ என்று இருக்கிறது. பீங்கான் முன்தகடு பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டு இருக்கும். பிறகு மாற்ற வேண்டும், அதற்கும் செலவு உண்டு. 22 வயதில் போட்டுக்கொள்ளும் பெண் வாழ்நாளில் எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று அவள் அப்பாவாவது கணக்குப் போடட்டும். ‘நிரந்தர’ என்பதை எடுத்துவிடுங்கள். தீர்வு என்பதையும் எடுத்தால் நல்லது.

மொழிபெயர்ப்பாளர், கோ.புதூர்:

இரண்டையும் எடுத்துவிட்டேன். ‘சிகிச்சை’ என்று மட்டும் இருக்கிறது. கோப்பு போய்விட்டது.

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பரங்குன்றம்:

சிகிச்சை வடசொல். மருத்துவம் என்று போட்டிருக்கலாம். எயிறு பற்றிய கட்டுரையை இணைத்துள்ளேன், பதினோரு பக்கம்.